சிபாப் மாஸ்க்: காற்று கசியாமல், முகம் வலிக்காமல் தூங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூங்கும்போது தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருவதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். பெரியவர்களுக்கு மணிக்கு 5 முறை தடைப்பட்டாலே கணக்கில் வந்துவிடும். 30-ஐத் தொட்டால் தீவிரம். எனக்குப் பரிசோதனையில் 41 வந்தது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக, மாஸ்க் வழியே அழுத்தக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினோடுதான் படுக்கை. நான் டாக்டர் இல்லை. உறவிலும் நட்பிலும் யாருக்காவது புதிதாக மெஷின் வந்தால் போன் எனக்கு வரும், அவ்வளவுதான். “மெஷின் ஒத்துக்கல, மூலையில கிடக்கு” என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். தகராறு மாஸ்க்கில் இருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு மாஸ்க்குக்கு இத்தனை பாடு எதற்கு? எதையாவது மாட்டிக்கொண்டு படுத்தால் ஆகாதா?

ஆகாது. சிபாப் ஆக்ஸிஜன் தருவதில்லை. அறைக் காற்றைத்தான் அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தம்தான் தொண்டையை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கிறது. பொதுவாக 4-லிருந்து 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை வைப்பார்கள். பஞ்சரான டியூபில் எவ்வளவு அடித்தாலும் நிற்காது, இல்லையா? மாஸ்க் ஓரத்தில் காற்று ஓடினால் இதுவும் அதே கதைதான். ராத்திரி முழுக்க மெஷின் ஓடியிருக்கும், தொண்டைக்கு வேண்டிய அழுத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

இந்தத் தொல்லை சிபாப் பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதன்முதலில் இதைச் செய்து பார்த்தார். 1981-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அப்போது கடையில் வாங்க மாஸ்க் ஏது? ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்சு எடுத்து, அதற்கேற்ற மாஸ்க் செய்து, ராத்திரி ராத்திரி சிலிகான் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். நாம் ஸ்ட்ராப் அழுத்துகிறது என்று புலம்புகிறோம்.

என்னென்ன வகை இருக்கிறது? எனக்கு எது?

மூன்று வகை. மூக்கை மட்டும் மூடுவது நேசல் மாஸ்க். மூக்குத் துவாரத்தில் இரண்டு சிறிய சிலிகான் குமிழ்கள் பொருந்தி உட்காருவது நேசல் பில்லோ. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஃபுல் ஃபேஸ். இப்போது மூக்கின் மேல் ஏறாமல் அடியில் தொட்டில் மாதிரி தாங்குகிற வகைகளும் வந்துவிட்டன. மூக்கின் மேலெலும்பில் புண் வருகிறவர்களுக்கு அது நல்ல மாற்று.

நம் ஊரில் நிறைய பேருக்கு எடுத்த எடுப்பில் ஃபுல் ஃபேஸைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான். கொடுப்பவருக்கு அது பாதுகாப்பான தேர்வு: வாய் திறந்தாலும் மூடியிருக்கும், திரும்பப் புகார் வராது என்று நினைப்பு. ஆனால் பரப்பு பெரிதாகப் பெரிதாகக் கசிய இடமும் அதிகம். தவிர, தாடையின் மேல் உட்கார்ந்து அதைப் பின்னால் தள்ளுவதால் நாக்கும் பின்னால் போகும். சிலருக்கு நேசல் மாஸ்க்கில் போதுமாக இருந்த அழுத்தம் இதில் போதாமல் போகிறது. மூக்கு ஓரளவு திறந்திருக்கிறது என்றால் முதலில் நேசலையோ பில்லோவையோ முயன்று பார்க்கிறேன் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

பில்லோ முகத்தில் இருப்பதே தெரியாது. கண்ணாடி போட்டுப் புத்தகம் படிக்கலாம். ஆனால் அழுத்தம் மிக அதிகமாக வேண்டியவர்களுக்கு மூக்குத் துவாரத்தில் ஊசி குத்துவது போல இருக்கும்.

நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவன். ஃபுல் ஃபேஸ்தானே எனக்கு?

உடனே முடிவு பண்ணாதீர்கள். ஆப்னியா இருப்பவர் வாயைத் திறப்பது பல நேரம் மூச்சுக்குத் தவிப்பதால்தான். அழுத்தம் சரியாக அமைந்து, மூக்கு வழியே காற்று தாராளமாகப் போகத் தொடங்கியதும் சில வாரத்தில் வாய் தானாக மூடிக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித்தான் ஆனது.

மூக்கு உண்மையாகவே அடைத்திருந்தால் கதை வேறு. வளைந்த நடுச்சுவரோ, சதை வளர்ச்சியோ, ஒவ்வாமையோ இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். வாயில் டேப் ஒட்டிக்கொள்ளச் சொல்லும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. மூக்கு அடைப்பு இருக்கிறவரும், ராத்திரியில் வாந்தி வர வாய்ப்பிருப்பவரும் அந்தப் பக்கமே போகக் கூடாது. தாடையைத் தாங்கும் பட்டை ஒன்று விற்கிறது, சின் ஸ்ட்ராப் என்பார்கள். சிலருக்கு உதவுகிறது. சிலருக்கு உதட்டு வழியே புஸ் புஸ்ஸென்று காற்று போவது மட்டும் நிற்பதில்லை.

இன்னொன்று: தானாக மாஸ்க்கைக் கழற்ற முடியாதவருக்கு ஃபுல் ஃபேஸ் ஆபத்து. வாந்தி எடுத்தால் உள்ளேயே போய்விடும். நடமாட முடியாத பெரியவர்களுக்கு வாங்குவதற்கு முன் இதை டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

சைஸ் எப்படிப் பார்ப்பது?

ஆள் பெரிய உருவம் என்றால் லார்ஜ் என்று எடுத்துக் கொடுப்பார்கள். அது தவறு. மூக்குக்கும் சட்டை அளவுக்கும் சம்பந்தமே இல்லை. கம்பெனிகள் காகித அளவுகோல் தருகின்றன. வலைத்தளத்திலிருந்து அச்செடுத்தும் முகத்தில் வைத்துப் பார்க்கலாம். நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். பக்கவாட்டில் மூக்குச் சிறகுகளை நசுக்கக் கூடாது. ஃபுல் ஃபேஸுக்கு வாயைக் கொஞ்சம் திறந்தபடி அளக்க வேண்டும், கீழ் விளிம்பு கீழுதட்டுக்கு அடியில் வர வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இரண்டையும் மாட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் சின்னதுதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. பெரியது கண் ஓரத்தில் திறந்துகொள்ளும்.

ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் இல்லை. மாடல் மாறும்போது திரும்ப அளக்க வேண்டும்.

கடையில் மாட்டும்போது கச்சிதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தால் கசிகிறதே?

எல்லோரும் கேட்கிற கேள்வி. கடையில் எப்படிப் பார்த்தீர்கள்? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெஷின் ஓடாமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. படுத்ததும் கன்னச் சதை காதுப் பக்கம் சரியும், தாடை தளரும், முகமே வேறு வடிவத்துக்குப் போய்விடும். அழுத்தம் ஏறும்போது குஷன், அதாவது முகத்தைத் தொடும் சிலிகான் பகுதி, பலூன் மாதிரி உப்பும். உட்கார்ந்த முகத்துக்குப் பார்த்த மாஸ்க், படுத்த முகத்துக்குச் சேராது.

அதனால் மாஸ்க்கைப் படுத்துக்கொண்டே, காற்று ஓடும்போதே சரிசெய்ய வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்திவிடுவேன். குஷனை மூக்கில் லேசாக வைத்து, ஸ்ட்ராப்பைத் தலைக்குப் பின்னால் இழுத்து, காற்று ஏறும்வரை படுத்திருப்பேன். அழுத்தத்தை மெதுவாக ஏற்றும் ராம்ப் என்ற வசதியை வைத்திருந்தால் மெஷின் குறைந்த அழுத்தத்தில்தான் தொடங்கும். அந்த நேரத்தில் சரிபார்த்தால் பலனில்லை. ரெஸ்மெட் போன்ற கம்பெனிகளின் மெஷின்களில் மாஸ்க் ஃபிட் என்றொரு சோதனை இருக்கிறது. அதைத் தட்டினால் சில நிமிடம் நிஜ அழுத்தம் வரும், பொருந்தியிருந்தால் திரையில் சிரிக்கிற முகம் காட்டும். காற்று முழுதாக வந்ததும் மாஸ்க்கை முகத்திலிருந்து அரை அங்குலம் முன்னால் இழுத்து, குஷனை உப்பவிட்டு, மெதுவாகத் திரும்ப உட்கார வைப்பேன். மடிப்பு இருந்தால் இதிலேயே விரிந்துவிடும். கடைசியில் இரண்டு பக்க ஸ்ட்ராப்பையும் ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பேன். இடம், வலம், ஒருக்களித்து என்று திரும்பிப் பார்ப்பேன். கசிவு நின்ற இடத்தோடு நிறுத்திவிடுவேன்.

நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் எனக்கு விற்றவர் தந்த லார்ஜ் ஃபுல் ஃபேஸை, வலி தாங்கும் மட்டும் இறுக்கிக்கொண்டு படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு விசில் அடிக்கும். “குக்கர் வச்ச மாதிரி இருக்கு, எந்திரிங்க” என்பார் என் மனைவி. எழுந்து இன்னும் ஒரு சுற்று இறுக்குவேன். மறுநாள் கன்னத்தில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு ஆபீஸ்.

இறுக்கினால் கசிவு நிற்கத்தானே வேண்டும்?

நிற்காது, கூடும். குஷனின் ஓரத்தில் மெல்லிய ஒரு மடிப்பு இருக்கும். உள்ளே வரும் காற்றுதான் அந்த மடிப்பை முகத்தோடு ஒட்ட வைக்கிறது. இறுக்கினால் மடிப்பு நசுங்கிச் சுருங்கும், சுருக்கம் வழியே காற்று ஓடும். ஸ்ட்ராப்புக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் சுலபமாக நுழைய வேண்டும். காலையில் கோடு ஆழமாக இருந்து அரைமணியில் மறையாவிட்டால் இறுக்கம் அதிகம்.

கசிவு எங்கே என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். கண் பக்கம் என்றால் மேல் ஸ்ட்ராப் அல்லது நெற்றித் தாங்கி. உதட்டுப் பக்கம் என்றால் கீழ் ஸ்ட்ராப். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்தால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

கண்ணில் காற்று அடிக்கிறது. காலையில் கண் சிவந்து எரிகிறது.

மூக்கின் மேலெலும்போரம் கசிகிறது. மாஸ்க் பெரிதாகவோ, கொஞ்சம் மேலே ஏறியோ இருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சரிசெய்து பாருங்கள்; தொடர்ந்தால் மூக்குக்கு அடியில் உட்காரும் வகைக்கு மாறுங்கள். சிவப்பு போகாவிட்டால் கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம்.

மாஸ்க்கின் முன்னால் எப்போதும் காற்று வந்துகொண்டே இருக்கிறதே, அது கசிவா?

இல்லை, அது வேண்டுமென்றே வைத்த துளைகள். நீங்கள் விடும் மூச்சு அதில்தான் வெளியேறுகிறது. அழுத்தம் 10 இருக்கும்போது பல மாஸ்க்குகளில் நிமிடத்துக்கு 30 லிட்டர் சுமார் அதன் வழியே போகும். யாரோ சத்தம் வருகிறது என்று செல்லோடேப் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒட்டவே கூடாது, விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டருக்கு மாட்டும் துளையில்லாத மாஸ்க்குகளும் உண்டு. முன்னால் குழாய் சேருமிடம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். யாராவது இலவசமாகத் தந்தாலும் வீட்டு சிபாப்பில் மாட்டாதீர்கள்.

உண்மையான கசிவைத் தெரிந்துகொள்ள மெஷின் அறிக்கையைப் பாருங்கள். ரெஸ்மெட்டில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. அவர்கள் துளை வழிக் காற்றைக் கழித்துவிட்டுக் காட்டுகிறார்கள். பிலிப்ஸின் சில மெஷின்கள் அதையும் சேர்த்துக் கணக்கிடும், அதனால் எண் பெரிதாகத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மாஸ்க் வகையை மாற்றினால் மெஷினில் மாஸ்க் தேர்வையும் மாற்றுங்கள். பில்லோவா, நேசலா, ஃபுல் ஃபேஸா என்று கேட்கும். நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மீசை, தாடி, மூக்குத்தி, பல் செட். இதெல்லாம் இருந்தால்?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மீசை அடர்த்தியாக இருந்தால் நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பு முடி மேல் மிதக்கும். பில்லோ மீசைக்காரர்களுக்குத் தோது. தாடிக்கு ஃபுல் ஃபேஸ் எப்போதும் போராட்டம்தான்.

மூக்குத்தியைப் பற்றிக் கம்பெனி கையேடுகள் வாய் திறப்பதில்லை. என் அம்மாவுக்குப் பக்கவாட்டில் ஒற்றைக்கல் மூக்குத்தி. நேசல் மாஸ்க்கின் சிலிகான் சரியாக அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து, அந்த ஒரு மில்லிமீட்டர் மேட்டைச் சுற்றி ஊதித் தள்ளியது. “கழட்டுங்கம்மா” என்றதற்கு, அப்பா போட்டது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பில்லோவுக்கு மாற்றினோம். குமிழ் துவாரத்தோடு நின்றுவிட்டதால் கல்லைத் தொடவில்லை. திருகாணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் பில்லோ இடிக்கும், அப்போது மூக்கின் அடியில் தாங்கும் வகையைப் பாருங்கள்.

பல் செட்டை ராத்திரி கழற்றுகிறவர் கழற்றியபடிதான் மாஸ்க் அளவு பார்க்க வேண்டும். கன்னம் உள்ளே போகும், உதடு சுருங்கும். பகலில் செட்டோடு அளவு பார்த்தால் ராத்திரி கசியும்.

எண்ணெய் விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் ஸ்ட்ராப்பின் துணி தொய்ந்துபோகும். முகத்தில் எண்ணெய்ப் பசையோ க்ரீமோ இருந்தால் சிலிகான் வழுக்கும், சீக்கிரம் கெடும். படுக்கப் போகும் முன் சோப்பு போட்டு முகம் கழுவி, துடைத்துவிட்டு மாட்டுங்கள். திருநீறும் பவுடரும் கூட ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன வழி விடும்.

மூக்கின் மேல் புண் வந்துவிட்டது.

முதலில் இறுக்கத்தைக் குறையுங்கள். தோல் உரிந்திருந்தால் ஆறும்வரை அந்த இடத்தைத் தொடாத வேறு மாஸ்க். மெமரி ஃபோம் குஷன்கள் சிலிகானைவிட மெத்தென்று இருக்கும், ஆனால் கழுவ முடியாது, சீக்கிரம் போய்விடும். வாசலின் தடவக் கூடாது. சர்க்கரை நோய் இருப்பவர் சின்னப் புண்ணையும் அலட்சியம் பண்ணாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாட்டினாலே மூச்சு முட்டுவது போல் பயம் வருகிறது.

படுக்கையில் தொடங்காதீர்கள். சாயங்காலம் டிவி பார்க்கும்போது, மெஷினோடு சேர்க்காமல் மாஸ்க்கை மட்டும் மூக்கில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று கை அறிந்துகொண்டால் பயம் பாதி போகும். அடுத்த சில நாளில் ஸ்ட்ராப் போடுங்கள், அப்புறம் காற்றை ஓடவிடுங்கள், அதற்கப்புறம் மதியத் தூக்கம். குழாயை ஒரே இழுப்பில் பிரிப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். முகத்தை மறைக்காத பில்லோ இவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது.

கரண்ட் போனால்?

ஃபுல் ஃபேஸில் ஒரு வால்வு இருக்கிறது. காற்று நின்றதும் அது திறந்து அறைக் காற்று உள்ளே வரும். நேசலில் வாய் இருக்கிறது. பெரும்பாலும் தானாக விழிப்பு வந்துவிடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் ஈரப்பதமூட்டியின் ஹீட்டரை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

மூக்கு வறண்டு, தொண்டை காய்ந்து எழுந்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வேறு தேங்குகிறது.

வறட்சிக்குப் பெரிய காரணம் வாய் வழிக் கசிவு. மூக்கில் ஏறும் காற்று வாய் வழியே வெளியே ஓடினால், மூக்கு இடைவிடாமல் காய்ந்து, வீங்கி, அடைக்கும். அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். சூடான ஈரப்பதமூட்டி இந்தச் சுற்றை உடைக்க உதவும்.

தண்ணீர் தேங்குவது ஏசி அறையில். வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் போகும்போது வியர்க்கும். மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், குழாய்க்குத் துணி உறை போடுங்கள். என் வீட்டில் பழைய காட்டன் புடவையில் தைத்த உறைதான் ஓடுகிறது. ஏசியின் நேர் வீச்சில் படுக்காதீர்கள்.

எப்படிக் கழுவுவது? எப்போது மாற்றுவது?

குஷனைத் தினம் காலையில், வாசனையில்லாத லேசான சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடி வெயில் சிலிகானைக் கெடுக்கும். டெட்டால், சானிடைசர், ப்ளீச் எதுவும் வேண்டாம். ஸ்ட்ராப்பும் குழாயும் வாரம் ஒருமுறை போதும். ஓசோன் வைத்துச் சுத்தம் செய்யும் பெட்டிகள் விற்கிறார்கள். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் அவற்றைப் பற்றி எச்சரித்தது. தேவையில்லாத செலவு.

வெளிநாட்டில் காப்பீடு இருக்கிறவர்கள் குஷனை மாதக்கணக்கில் மாற்றுகிறார்கள். கைக்காசு போடும் நமக்கு அது கட்டுப்படியாகாது. சிலிகான் மஞ்சளாகி, விரலில் வழவழவென்று ஒட்டினாலோ, நேற்று வரை கசியாத மாஸ்க் அதே இறுக்கத்தில் கசியத் தொடங்கினாலோ குஷனை மட்டும் மாற்றுங்கள்; முழு மாஸ்க்கும் வாங்க வேண்டியதில்லை. ஸ்ட்ராப் தொய்ந்தால் ஸ்ட்ராப்பை மட்டும். பத்து கிலோ இளைத்திருந்தாலும் சைஸ் பார்க்க வேண்டும்.

காந்தக் கொக்கி உள்ள மாஸ்க் வாங்கலாமா?

இருட்டில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும், வசதிதான். ஆனால் உங்களுக்கோ, பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கரோ, தலையில் உலோகக் கிளிப்போ, அதுபோல உடலுக்குள் வைத்த கருவியோ இருந்தால் வேண்டாம். பிலிப்ஸ் 2022-லும் ரெஸ்மெட் 2023-லும் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டன. காந்தத்துக்கும் கருவிக்கும் குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். படுத்துப் புரளும்போது அதை யார் அளப்பது? காந்தமில்லாத கொக்கியே நல்லது.

ஆன்லைனில் வாங்கலாமா?

சைஸ் தெரிந்த பிறகு வாங்கலாம். முதல் மாஸ்க்கை மட்டும் நேரில், மெஷினையும் எடுத்துக்கொண்டு போய், “படுத்துப் பார்க்க இடம் இருக்கா?” என்று கேட்டு வாங்குங்கள். மெத்தை வாங்கும்போது படுத்துப் பார்க்கிறோமே. பிரித்தால் திரும்ப எடுப்பார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். சாதாரண மெஷின்களின் குழாய் எந்தக் கம்பெனி மாஸ்க்கிலும் சேரும். ஏர்மினி போன்ற பயண மெஷினுக்கு மட்டும் அதற்கென்று உள்ள மாஸ்க்குகள்தான் பொருந்தும்.

அடுத்தவர் பயன்படுத்திய குஷனை வாங்காதீர்கள். என்னுடைய அந்தப் பழைய லார்ஜ் ஃபுல் ஃபேஸைக் கூட மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் முதலில் காகித அளவுகோலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேருக்கு ஸ்மால், ஒருவருக்கு மீடியம்.